ஹோர்ட்டாவில் முதல் வாரம்: ஃபயால் தீவுக்குப் புதிதாக வருவோருக்கான வழிகாட்டி

லிஸ்பனிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தொலைவில், போர்ச்சுக்கலின் தன்னாட்சிப் பகுதியான அசோர்ஸ், அட்லாண்டிக் பெருங்கடலில் ஒன்பது எரிமலைத் தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அவற்றுள் ஃபயால் 173 சதுர கிலோமீட்டர் பரப்பும் பதினான்காயிரத்துச் சொச்சம் மக்களும் கொண்ட சிறு தீவு. அதன் தென்கிழக்குக் கரையில் இரண்டு மேடுகளுக்கு இடைப்பட்ட விரிகுடாவில் அமைந்துள்ள துறைமுகமே ஹோர்ட்டா. 1833இல் நகரத் தகுதி பெற்ற ஊர். அசோர்சின் சட்டமன்றம் கூடுவதும் இங்கேதான். ஆயினும், நடந்தே பார்த்துவிடக்கூடிய அளவுதான். போர்ச்சுக்கீசியர் முதலெழுத்தை ஒலிக்காமல் ‘ஓர்ட்டா’ என்றே சொல்வார்கள் என்பதால், விமான நிலைய அறிவிப்புகளில் அந்த ஒலிக்குக் காது கொடுங்கள்.

புதிதாக வருபவர்கள் இவ்வூரில் சிரமப்படுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் உண்டு. அவர்கள் நாள்வாரியாகத் திட்டம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இங்கே நாளைத் தீர்மானிப்பது காற்றும் மேகமும் கடலும். ஆகவே இந்தக் கட்டுரை எந்த நாளில் எதைப் பார்ப்பது என்ற அட்டவணையைத் தரவில்லை. எந்த வானிலையில் எதைச் செய்வது, அதற்கு முன்னேற்பாடாக எதை முடித்துவைப்பது என்பதையே வரிசைப்படுத்துகிறது.

1. மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

மே முதல் செப்டம்பர் வரை வருவது நல்லது. கோடையில் பகல் வெப்பம் 25 பாகையை ஒட்டியும் குளிர்காலத்தில் 16 பாகையை ஒட்டியும் இருக்கும். கடுங்குளிர் என்பது கடற்கரையில் கிடையாது. ஆனால் அக்டோபர் முதல் மார்ச் வரை மழையும் புயற்காற்றும் மிகுதி. படகுகளும் விமானங்களும் அடிக்கடி நிறுத்தப்படும். தீவுக்கு ‘நீலத் தீவு’ என்ற பெயரைத் தந்த ஹைட்ரேஞ்சியா வேலிகள் பூத்துக் குலுங்குவதைக் காண விரும்புவோருக்கு ஜூலையே உகந்த மாதம். மே, ஜூன் மாதங்களில் கரீபியனிலிருந்து ஐரோப்பா திரும்பும் பாய்மரப் படகுகளால் துறைமுகம் நிரம்பி வழியும். ஆகஸ்ட் முதல் பாதியில் 1975இலிருந்து நடந்துவரும் ‘செமானா து மார்’ என்ற கடல் வார விழா வருகிறது. திமிங்கில வேட்டைக்குப் பயன்பட்ட நீண்ட மரப்படகுகளின் பந்தயத்தை அப்போது பார்க்கலாம். ஆனால் அறை கிடைப்பது அரிது என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். கூட்டத்தையும் மழையையும் ஒருசேரத் தவிர்க்க வேண்டுமானால் ஜூன் பிற்பகுதியையோ செப்டம்பர் முற்பகுதியையோ பரிந்துரைப்பேன்.

2. ஆவணங்களும் பெட்டியும்

அசோர்ஸ் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தது. இந்தியக் கடவுச்சீட்டு, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் போர்ச்சுக்கலுக்கான ஷெங்கன் விசா பெற்றிருக்க வேண்டும். எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்கு மேல் தங்க முடியாது என்ற விதி இங்கும் பொருந்தும். விசாவுக்கான பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவச் செலவை ஏற்பதாக இருக்க வேண்டும். மலையேறும் எண்ணம் இருந்தால், அதற்கும் காப்பீடு செல்லுமா என்பதைப் பத்திரத்தில் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது என்பதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரத் தடை இருப்பதால், நெய்யையும் பால்கோவாவையும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதி இல்லை. பொட்டலமாக மூடிய மசாலாப் பொடிகளுக்கும் பருப்புக்கும் சிக்கல் வருவதில்லை. மின்செருகி இரண்டு உருளைக் கம்பிகள் கொண்ட ஐரோப்பிய வகை. நம் மூன்று கம்பிச் செருகிகளுக்கு மாற்றி தேவை. உடையைப் பொறுத்தவரை, ஒரே பகலில் வெயிலும் மழையும் குளிர்காற்றும் மாறிமாறி வருவது இயல்பு என்பதால், தடித்த ஒற்றை ஆடையைவிட மெல்லிய ஆடைகளை அடுக்காக அணிந்து, மேலே நீர்புகா அங்கி ஒன்றைப் போட்டுக்கொள்வதே பயன் தரும். குடை இந்தக் காற்றில் நிற்காது. கருங்கல் பாதையிலும் எரிமலைச் சாம்பலிலும் வழுக்காத அடிப்பகுதி கொண்ட காலணி கட்டாயம்.

3. வந்து சேர்தல்

லிஸ்பனிலிருந்து ஹோர்ட்டாவுக்கு அசோர்ஸ் ஏர்லைன்ஸ் நேரடி விமானங்களை இயக்குகிறது. பயணம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பொன்டா டெல்காடா, தெர்சேய்ரா ஆகிய தீவு நிலையங்களில் இறங்கி, சாட்டா நிறுவனத்தின் சிறு விமானத்தில் மாறி வருவது மற்றொரு வழி. அசோர்ஸ் நேரம் லிஸ்பன் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. இந்திய நேரத்தோடு ஒப்பிட்டால் கோடையில் ஐந்தரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஆறரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். இணைப்பு விமானத்தைக் கணக்கிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஃபயால் விமான நிலையம் ஹோர்ட்டாவுக்குத் தென்மேற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில், கஷ்டெலு பிராங்கு என்ற ஊரில், கடலை ஒட்டிய மேட்டில் அமைந்துள்ளது. ஓடுபாதை ஏறத்தாழ 1,600 மீட்டர்தான். தாழ்ந்த மேகமும் குறுக்குக் காற்றும் வரும் நாள்களில் விமானம் இறங்காமல் தெர்சேய்ராவுக்கோ எதிரிலுள்ள பிக்கோ தீவுக்கோ திரும்பிவிடும். பிக்கோவில் இறக்கிவிட்டால் கலங்க வேண்டியதில்லை. மதலேனா துறையிலிருந்து அரை மணி நேரப் படகுப் பயணத்தில் ஹோர்ட்டாவை அடைந்துவிடலாம். வேறு தீவில் இரவு தங்க நேர்ந்தால், வானிலையே காரணமாக இருந்தாலும், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி உணவும் தங்குமிடமும் தர வேண்டியது விமான நிறுவனத்தின் கடமை. இழப்பீட்டுத் தொகை வேறு விஷயம். வானிலைக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

நிலையத்திலிருந்து ஊருக்கு டாக்சி கிடைக்கும். தீவுப் பேருந்துகள் பள்ளி, அலுவலக நேரத்தை ஒட்டி ஓடுபவை. வார இறுதியில் மேலும் குறைவு. சுற்றிப் பார்ப்பதற்கு அவற்றை நம்பியிருக்க முடியாது. ஓரிரு நாள்களுக்கு வாடகைக் கார் எடுப்பதே சிக்கனம். பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். இங்கே சாலையின் வலப்பக்கமே ஓட்ட வேண்டும், பனிமூட்டத்தில் மாடுகள் சாலையைக் கடக்கும்.

4. முதல் நாள்: ஊரை நடந்து அறிதல்

ஊர் வடக்கிலிருந்து தெற்காகக் கடலோரம் நீளவாக்கில் கிடக்கிறது. கொன்செய்சாவு, மத்ரீஸ், அங்குஷ்டியாஸ் என்ற மூன்று பங்குகளாக அதைப் பிரித்திருக்கிறார்கள். வடகோடியில் பயணியர் படகு முனையமும், தெற்கில் பாய்மரப் படகுத்துறையும் இருப்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் வழி தவறாது. கடற்கரைச் சாலைக்கு ‘ஏப்ரல் 25’ என்று பெயர். 1974ஆம் ஆண்டுப் புரட்சியின் நாள் அது. நடையை வடக்கிலிருந்து தொடங்கித் தெற்கே முடிப்பது வசதி, ஏனெனில் இளைப்பாறும் இடங்கள் தெற்கில் இருக்கின்றன.

முதலில் பிராசா ட ரெபூப்ளிகா சதுக்கத்தை ஒட்டிய நகரச் சந்தைக்குச் சென்று, என்ன காய்கனி கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, பழைய இயேசு சபைக் கல்லூரிக் கட்டடத்தில் உள்ள ஹோர்ட்டா அருங்காட்சியகம். அத்தி மரத் தண்டின் உள்ளிருக்கும் வெண்ணிறச் சோற்றைச் சீவிச்சீவி, கப்பல்களையும் ஊர்க் காட்சிகளையும் செய்துவைத்த எயுக்ளிதெஸ் ரோசா என்ற கலைஞரின் படைப்புகள் அங்கே உள்ளன. இவற்றைப் பொறுமையாகப் பாருங்கள். ஊரில் இதற்கு இணையான கைவேலை வேறில்லை என்பேன். திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

அங்கிருந்து தெற்கே நடக்கும்போது, இத்தனை சிறிய ஊருக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய கட்டடங்கள் சில கண்ணில் படும். அவை கடலடித் தந்திக் கம்பிகளின் காலத்தவை. 1893இல் லிஸ்பன் பக்கத்திலிருந்து முதல் கம்பி வந்தது. 1900இல் ஜெர்மனியின் எம்டன் நகரிலிருந்து நியூயார்க்குக்குச் சென்ற கம்பியும் இவ்வழியே சென்றது. பிரிட்டிஷ், அமெரிக்க, ஜெர்மானிய நிறுவனங்கள் தத்தம் ஊழியர்களைக் குடும்பத்தோடு இங்கே குடியமர்த்தின. அந்தக் கம்பி நிலையங்கள் 1969 வரை நீடித்தன. ஐரோப்பாவும் அமெரிக்காவும் பேசிக்கொள்வதற்கு இடையில் இந்த ஊர் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தது என்றே சொல்ல வேண்டும். அதற்கு முன்பு, 1806 முதல் 1892 வரை, மூன்று தலைமுறையாக அமெரிக்கத் தூதர் பதவியில் இருந்த டாப்னி குடும்பம் திராட்சைமது, ஆரஞ்சு, திமிங்கில எண்ணெய் வணிகத்தால் ஊரை வளர்த்தது. பின்னர் வானூர்திகளும் இங்கே தங்கிச் சென்றன: 1919 மே மாதம், விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பயணத்தில் அமெரிக்கக் கடற்படையின் என்சி-4 இறங்கியது ஹோர்ட்டா விரிகுடாவில், 1939 முதல் பான் அம் நிறுவனத்தின் பறக்கும் படகுகளும் இதே நீரில் இறங்கின.

16ஆம் நூற்றாண்டின் சாந்தா குரூஸ் கோட்டை இன்று தங்கும் விடுதியாக உள்ளது. அதைக் கடந்தால் 1986இல் திறக்கப்பட்ட பாய்மரப் படகுத்துறை. அதன் நடைமேடையிலும் அலைதடுப்புச் சுவரிலும் ஆயிரக்கணக்கான ஓவியங்கள் உள்ளன. படகின் பெயர், ஆண்டு, மாலுமிகளின் பெயர் ஆகியவற்றோடு படம் ஒன்றை வரைந்துவிட்டுப் போகாதவர்களுக்குக் கடலில் தீங்கு நேரும் என்ற நம்பிக்கையில் வரையப்பட்டவை. உப்புக்காற்றிலும் மழையிலும் வண்ணம் உரிய, அதன் மேல் அடுத்தவர் வரைகிறார். கடல் வழியே வந்தவர்கள் வரைவதுதான் மரபு. விமானத்தில் வந்து இறங்கியவர்கள் தூரிகையை எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். சுவரின் கோடி வரை நடந்து, ஓவியங்களைப் படித்துக்கொண்டே திரும்புவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

படகுத்துறைக்கு எதிரில் நீலநிற முகப்போடு நிற்பது பீட்டர் கஃபே ஸ்போர்ட். ஹென்ரீக் அசெவெடு 1918இல் தொடங்கியது. அவருடைய மகன் ஜோசே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் கப்பலில் வேலை பார்த்தபோது, தன் மகன் பீட்டரின் சாயல் அவரிடம் இருப்பதாகச் சொன்ன அதிகாரி ஒருவர் அவரைப் பீட்டர் என்றே அழைக்கத் தொடங்கினார்; அந்தப் பெயரே கடைக்கும் நிலைத்தது. மாலுமிகளுக்கு வரும் கடிதங்களை வாங்கிவைத்தல், பணம் மாற்றித் தருதல், வானிலைச் செய்தி சொல்லுதல் எல்லாம் இங்கேயே நடந்தன. மாடியிலுள்ள அருங்காட்சியகத்தில் திமிங்கிலப் பல்லில் கீறி வரைந்த சித்திரங்கள் உள்ளன. கட்டணம் செலுத்திப் பார்க்கத் தக்கவை. கீழ்த்தளத்தில் மாலை நேரத்தில் இடம் கிடைக்காது. முற்பகலில் போய்க் காப்பி அருந்துங்கள்.

5. காலையில் வானத்தைப் பார்த்து நாளை முடிவு செய்தல்

இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு காலையிலும் மூன்றைப் பாருங்கள்: எதிரிலுள்ள பிக்கோ மலையின் உச்சி தெரிகிறதா, நீரிணையில் வெண்நுரை எழுகிறதா, ஊருக்குப் பின்னாலுள்ள மேட்டில் மேகம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது. போர்ச்சுக்கீசிய வானிலை நிறுவனமான ஐப்மா, ஆபத்தின் அளவுக்கேற்ப மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வெளியிடும். ஸ்பாட் அசோர்ஸ் என்ற இணையதளத்தில் தீவுகளின் பல இடங்களில் பொருத்திய நேரலைக் கேமராக்களின் காட்சியைக் காணலாம். கிளம்புவதற்கு முன் அதைப் பார்க்கும் பழக்கம் உள்ளூர்க்காரர்களுக்கே உண்டு.

மேடு தெளிவாக இருந்தால் அன்றைக்கே கல்டெய்ராவுக்குச் செல்லுங்கள்; மறுநாளைக்கு என்று ஒத்திவைக்காதீர்கள். தீவின் நடுவில், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அகலமும் 400 மீட்டர் ஆழமும் கொண்ட எரிமலைப் பள்ளம் அது. தீவின் உச்சியான, 1,043 மீட்டர் உயரமுள்ள கபெசு கோர்து விளிம்பிலேயே இருக்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து குறுகிய சுரங்க வழியில் சில அடி நடந்தால் பார்வை மாடம். விளிம்பைச் சுற்றி ஏழெட்டுக் கிலோமீட்டர் நடைபாதை உண்டு. நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். பள்ளத்தினுள் இறங்குவதற்கு வழிகாட்டியும் அனுமதியும் தேவை, ஏனெனில் உள்ளேயிருக்கும் இயற்கைக் காடு பாதுகாக்கப்பட்டது. மேகம் சூழ்ந்த நாளில் அங்கே போனால் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாது. காற்று பலமாக வீசும்போது விளிம்புப் பாதையில் நடப்பது ஆபத்து.

மேடு மேகத்தில் மறைந்திருந்தால் தீவின் மேற்கு முனைக்குச் செல்லுங்கள். கப்பெலின்யோஸ் கடல் மட்டத்தை ஒட்டியது; மேலே மூட்டம் இருக்கும்போதும் அங்கே பார்வை தெளிவாக இருப்பதுண்டு. ஃபயாலில் ஒரே ஓர் இடத்தை மட்டும் பார்க்க நேரம் இருந்தாலும் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1957 செப்டம்பர் 27 அன்று, கரையிலிருந்து திமிங்கிலங்களைத் தேடிக்கொண்டிருந்த காவல்காரர்கள் கலங்கரை விளக்கத்துக்கு எதிரே கடல் கொதிப்பதைக் கண்டார்கள். கடலடியில் வெடித்த எரிமலை முதலில் சிறு தீவொன்றை எழுப்பியது. அது சரிந்து, மீண்டும் எழுந்து, கரையோடு இணைந்தது. 1958 மே மாதத்தில் நூற்றுக்கணக்கான நிலநடுக்கங்கள் அடுத்தடுத்து வந்து வீடுகளை வீழ்த்தின. 1958 அக்டோபர் 24 வரை பதின்மூன்று மாதங்கள் நீடித்த வெடிப்பில் ஏறத்தாழ 2.4 சதுர கிலோமீட்டர் புதுநிலம் சேர்ந்தது. அதில் பெரும்பகுதியை அலை பிறகு அரித்துவிட்டது. உயிரிழப்பு இல்லை. ஆனால் சாம்பலின் பாரத்தில் கூரைகள் இடிந்தன, வயல்கள் புதைந்தன, ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வீடிழந்தார்கள். அமெரிக்க செனட்டர்கள் ஜான் பஸ்டோரும் ஜான் எஃப். கென்னடியும் முன்னின்று கொண்டுவந்த அசோர்ஸ் அகதிகள் சட்டம் 1958 செப்டம்பரில் நிறைவேறி, 1,500 குடும்பத் தலைவர்களுக்கு விசா வழங்க வழி செய்தது. அதைத் தொடர்ந்த பெயர்ச்சியில் ஃபயாலின் மக்கள்தொகையில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. மசாசூசெட்சில் உறவினர் இல்லாத குடும்பத்தை இங்கே காண்பது கடினம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் அறிந்துகொண்டு நிலத்தைப் பார்ப்பது நல்லது. எனவே முதலில் விளக்க மையத்துக்குள் செல்லுங்கள். 2008இல் திறந்த இம்மையத்தை, காட்சியைக் கெடுக்காதபடி சாம்பலுக்கு அடியிலேயே கட்டியிருக்கிறார்கள். உள்ளிருந்தே, கீழ்த்தளம் புதைந்து நிற்கும் கலங்கரை விளக்கத்தின் படிகளில் ஏறி மேலே வரலாம். அதன்பின் வெளியே நடக்கும்போது குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். சாம்பல் சரிவுகள் இறுகாதவை, காலடியில் நொறுங்கும். நிழலே இல்லாத இடம் என்பதால் தண்ணீரும் தொப்பியும் வேண்டும். நல்ல நடையாளர்கள் கல்டெய்ராவிலிருந்து கப்பெலின்யோஸ் வரை ‘பத்து எரிமலைகள்’ என்ற இருபது கிலோமீட்டர் அளவிலான பாதையில் ஒரே நாளில் நடந்து வருகிறார்கள். திரும்ப அழைத்துச் செல்ல டாக்சியை முன்னரே பேசிவைக்க வேண்டும், ஏனெனில் மேற்கு முனையில் வண்டி தானாகக் கிடைக்காது.

மழை விட்டுவிட்டுப் பெய்யும் நாள் ஊருக்கு அருகிலேயே கழியட்டும். தெற்கிலுள்ள மொன்டே ட கியா என்ற குன்றின் மேலிருந்து, கடல் புகுந்த இரட்டை எரிமலை வாயைக் காணலாம். அடிவாரத்தில் போர்ட்டோ பிம் கடற்கரையும், பழைய திமிங்கிலத் தொழிற்சாலையும் டாப்னி குடும்பத்தின் கோடை இல்லமும் உள்ளன. இரண்டுமே இப்போது காட்சியகங்கள்.

6. நீரிணையைக் கடந்து பிக்கோவுக்கு

போர்ச்சுக்கலின் மிக உயர்ந்த மலையான பிக்கோ (2,351 மீட்டர்) ஹோர்ட்டாவின் எந்தச் சன்னலிலிருந்தும் தெரியும். அட்லாண்டிகோலைன் படகுகள் எட்டுக் கிலோமீட்டர் அளவிலான நீரிணையைக் கடந்து மதலேனாவுக்குக் கோடையில் நாள்தோறும் பலமுறை செல்கின்றன. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். தூரம் குறைவு என்று எண்ணி அலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வயிறு புரட்டும் இயல்புடையவர்கள் மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நலம்.

மலையேற விரும்பினால், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திலுள்ள காசா ட மொன்டான்யாவில் பதிவு செய்தாக வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் கட்டணமும் உண்டு. இருப்பிடங்காட்டும் கருவி ஒன்றைத் தருவார்கள். ஏறி இறங்க ஏழெட்டு மணி நேரம் ஆகும், இறங்குவதே முழங்காலுக்குச் சோதனை. வழக்கமாக நடைப்பயிற்சி இல்லாதவர்கள் இதை விட்டுவிட்டு, மதலேனாவுக்குத் தெற்கே கிரியசாவு வெல்யாவின் திராட்சைத் தோட்டங்களுக்குப் போகலாம். கருங்கல் சுவர்களால் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, உப்புக்காற்றிலிருந்து கொடியைக் காப்பாற்றும் அந்த முறைக்காக யுனெஸ்கோ 2004இல் அந்த நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைத் துறையில் இறங்கியவுடனே குறித்துக்கொள்ளுங்கள்.

7. கடலில்

போர்ட்டோ பிம் மணற்கடற்கரை வடக்குக் காற்றுக்கு ஒதுக்குப்புறமானது. பிராயா து அல்மொஷாரிஃபில் கறுப்பு மணல். வராதோருவில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளுக்கு இடையே இயற்கைக் குளங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. நீலமும் ஊதாவும் கலந்த காற்றுப்பையோடு நீரில் மிதந்து வரும் ‘கரவெலா’ என்ற உயிரினத்தைக் கண்டால் உடனே கரையேறுங்கள். அதன் நீண்ட இழைகள் கொடுமையாகக் கொட்டும், கரையொதுங்கிச் செத்தது போலக் கிடந்தாலும் தொடக் கூடாது.

திமிங்கிலம் பார்க்கும் படகுகள் பாய்மரப் படகுத்துறையிலிருந்து புறப்படுகின்றன. எண்ணெய்த் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் உண்டு. நீலத் திமிங்கிலங்கள் வசந்த காலத்தில் கடந்து செல்லும். அன்று வேட்டைக்காகக் கரைமேட்டிலிருந்து கடலை நோக்கிய காவல்காரர்களின் வேலை, இன்று சுற்றுலாப் படகுகளுக்குத் திசை சொல்வதாக மாறியிருக்கிறது. வேட்டை 1980களில் முடிந்துபோனது. பயணத்தை வாரத்தின் தொடக்கத்திலேயே பதிவு செய்யுங்கள், அலையால் தள்ளிப்போனாலும் மீதி நாள்கள் கையில் இருக்கும்.

அக்டோபர் பிற்பகுதியில் வருபவர்களுக்கு ஒரு வேலை உண்டு. கூட்டை விட்டு முதன்முதலாகப் பறக்கும் ‘ககார்ரு’ என்ற கடற்பறவையின் குஞ்சுகள் தெருவிளக்கில் கண்கூசிச் சாலையில் விழுந்துவிடும். அவற்றை அட்டைப்பெட்டியில் எடுத்துவைத்துக் காலையில் கடலோரம் விடும் இயக்கம் தீவெங்கும் நடக்கிறது. பறவையைக் கண்டால் மேலே துணியைப் போட்டு மெல்லத் தூக்குங்கள். இரவில் காரை மெதுவாக ஓட்டுங்கள்.

8. சாப்பாடு

மீனும் மாட்டிறைச்சியும் பாலாடைக்கட்டியுமே இங்கே உணவின் அடிப்படை. மீன் சாப்பிடுவோருக்குக் குறையே இல்லை. பூண்டும் வெண்ணெயும் இட்டுச் சுட்ட ‘லாப்பாஸ்’ என்ற பாறைச் சிப்பியைத் தவறவிடாதீர்கள். சைவர்கள் முன்னெச்சரிக்கையாக இருக்க வேண்டும்: காய்கறிச் சூப் என்று சொல்லப்படுவதிலும் இறைச்சிச் சாறோ தொத்திறைச்சித் துண்டோ கலந்திருக்கலாம். ‘செம் கார்னே, செம் பெய்ஷே’ (இறைச்சியும் மீனும் இல்லாமல்) என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ‘இன்யாமே’ என்று வேகவைத்துத் தருவது நம் சேப்பங்கிழங்கேதான். தொத்திறைச்சியோடு பரிமாறுவது வழக்கம், தனியாகவும் கேட்டு வாங்கலாம். சாவோ ஜோர்ஜ் தீவின் காரச்சுவைப் பாலாடைக்கட்டி, ரொட்டி, உள்ளூர் வாழைப்பழம் மூன்றும் கையில் இருந்தால் எந்த நடைப்பயணத்தையும் சமாளித்துவிடலாம். சமையலறையோடு கூடிய அறை எடுத்தால் அரிசி, பயறு, முட்டைக்கோசு, சர்க்கரைவள்ளி எல்லாம் கடையில் கிடைக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறு கடைகள் மூடிவிடும்.

9. நிலநடுக்கமும் மருத்துவமும்

1926 ஆகஸ்ட் 31 அன்று வந்த நிலநடுக்கம் ஹோர்ட்டாவின் பெரும்பகுதியை இடித்தது. 1998 ஜூலை 9 அன்று வந்தது ஃபயாலில் எட்டுப் பேரைப் பலிகொண்டது. வடகிழக்கில், ரிபெய்ரின்யா கலங்கரை விளக்கம் அன்று சிதைந்தபடியே இன்றும் நிற்கிறது. அச்சப்படத் தேவையில்லை, ஆனால் அறைக்குச் சென்றதும் வெளியேறும் வழியைப் பார்த்துவையுங்கள். அதிர்வு வந்தால் குனிந்து, மேசைக்கு அடியில் தலையைக் காத்து, நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். கடற்கரையில் இருக்கும்போது பலமாக அதிர்ந்தால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அவசர எண் 112. அசோர்சின் மூன்று மருத்துவமனைகளில் ஒன்று ஹோர்ட்டாவிலேயே இருப்பதால், சுற்றுத் தீவுகளிலிருந்தும் நோயாளிகள் இங்கேதான் வருகிறார்கள்.

10. பாய்மரப் படகில் வருவோருக்கு

பெர்முடாவிலிருந்து ஏறத்தாழ 1,800 கடல் மைல் கடந்து வருபவர்கள், மஞ்சள் கொடியை ஏற்றி, வானொலியில் துறையை அழைத்துவிட்டு, முதலில் வரவேற்பு மேடையில் கட்ட வேண்டும். குடிநுழைவு, சுங்கம், துறை அலுவலகம் ஆகியவற்றை முடித்த பிறகே இடம் ஒதுக்குவார்கள். மே, ஜூன் மாதங்களில் ஒரு படகின் பக்கத்தில் இன்னொன்றை, அதன் பக்கத்தில் மற்றொன்றை என்று அடுக்கிக் கட்டச் சொல்வது இயல்பு; அண்டைப் படகின் முன்தளம் வழியாக நடப்பதே மரியாதை. ஓவியம் வரையும்போது உரிந்துபோன இடத்தைத் தேர்ந்து, பழையதை நன்றாகச் சுரண்டி, அடிவண்ணம் பூசிக் காயவிடுங்கள். அதற்கு மழையில்லாத இரண்டு நாள்கள் தேவைப்படும் என்பதால், வந்த உடனே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

11. புறப்படுதல்

லிஸ்பனிலிருந்து செல்லும் பன்னாட்டு விமானத்துக்கும் ஹோர்ட்டாவிலிருந்து கிளம்பும் விமானத்துக்கும் இடையே ஒரு முழு நாளாவது விடுங்கள். இரண்டையும் ஒரே பயணச்சீட்டில் வாங்க முடிந்தால் இன்னும் பாதுகாப்பு. முந்தைய மாலையில் வானிலை எச்சரிக்கையையும் விமான நிறுவனத்தின் குறுஞ்செய்தியையும் பார்த்துவிடுங்கள். ஃபயாலில் மூட்டம் தங்கி விமானம் நின்றால், பிக்கோவிலிருந்து மாற்றித் தர முடியுமா என்று நிறுவன மேசையில் கேளுங்கள். நீரிணைக்கு அப்பால் வானம் திறந்திருப்பது உண்டு, அங்கிருந்தும் சில நாள்களில் லிஸ்பனுக்கு நேரடி விமானம் இருக்கிறது. மாற்றுச் சீட்டு கைக்கு வந்த பிறகே படகுக்குக் கிளம்ப வேண்டும். மதலேனா துறையிலிருந்து பிக்கோ விமான நிலையம் டாக்சியில் கால் மணி நேரம்.